சேலத்தில் முதல்முறையாக மேடை நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு: அரங்கம், அனுமதி, செலவு, கால அளவு

நாட்டியம், நாடகம், கச்சேரி, கூத்து எதுவாக இருந்தாலும் சரி, சேலத்தில் சொந்தமாக ஒரு நிகழ்ச்சி நடத்திப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆட, பாட, நடிக்க நல்ல கலைஞர்களும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். எந்த மனுவை எந்த மேசையில் கொடுப்பது, எதை முதலில் செய்வது, பணம் எங்கே கரையும் என்பதை மட்டும் யாரும் ஒரே இடத்தில் எழுதி வைக்கவில்லை. நான் இதையெல்லாம் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கித்தான் தெரிந்துகொண்டேன். ஓர் இடத்தில் சொன்னதை இன்னோர் இடத்தில் இல்லை என்றார்கள், அங்கே போனால் மறுபடி பழைய இடத்துக்கே அனுப்பினார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

நூறு பேரில் இருந்து நானூறு பேர் வரை வரக்கூடிய, ஒரே மாலையில் முடிகிற நிகழ்ச்சியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மைதானத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்க்கும் சினிமா நட்சத்திர இரவுகளுக்கு மேடை உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, பந்தோபஸ்து என்று தனிக் கணக்கு இருக்கிறது, அதை இதில் தொடவில்லை.

1. தேதியை முடிவு செய்யுங்கள், கலைஞருக்கு வாக்கு அப்புறம்

புதிதாக இறங்குகிற எல்லாரும் முதலில் கலைஞரிடம் பேசி நாள் வாங்கிவிட்டு, பிறகு அரங்கம் தேடிக் கிளம்புகிறார்கள். சேலத்தில் இது சரிப்படாது. நல்ல அரங்கங்கள் கைவிரல் அளவுதான், அவற்றில் பாதி கல்யாண முகூர்த்தத்தை நம்பி ஓடுகிறவை. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் முகூர்த்த நாளில் மண்டபம் கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் கல்யாண வாடகைதான் கேட்பார்கள். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாதமும் மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம்.

ஆனால் ஆடியில் இன்னொரு சிக்கல் உண்டு. கோட்டை மாரியம்மன் கோயிலில் தொடங்கி ஊரெங்கும் மாரியம்மன் பண்டிகை நடக்கிற நாட்களில் பழைய பேருந்து நிலையம், கோட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை பக்கம் வண்டி நகராது. குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை (அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலம்) நடக்கிற அன்று உங்கள் நாட்டிய நிகழ்ச்சிக்கு யாரும் வர மாட்டார்கள், காவலர்களும் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். பண்டிகை வாரத்தை விட்டுவிட்டு ஆடியின் மற்ற வாரங்களைப் பாருங்கள். மார்கழியில் பெயர் பெற்ற இசை, நாட்டியக் கலைஞர்கள் சென்னை சபாக்களில் இருப்பார்கள், ஆகவே அந்த மாதம் உள்ளூர்க் கலைஞர்களை வைத்து நடத்த நல்ல மாதம். விநாயகர் சதுர்த்தி ஊர்வல நாட்கள், பொதுத்தேர்வு நடக்கிற மார்ச், ஏப்ரல் இரண்டையும் தவிருங்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் அனுமதி நடைமுறையே வேறு, தேர்தல் அலுவலர் வரை போக வேண்டியிருக்கும்.

திறந்தவெளியில் நடத்தப் போகிறீர்கள் என்றால், சேலத்தில் ஆகஸ்டில் இருந்து அக்டோபர் வரை மாலை மழை அதிகம் என்பதை மறக்காதீர்கள்.

கால அளவு பற்றி என் கணக்கு இது: மூன்று மாதம் முன்னால் தேதியும் அரங்கமும், இரண்டு மாதம் முன்னால் கலைஞர் ஒப்பந்தமும் ரயில் டிக்கெட்டும், ஒன்றரை மாதம் முன்னால் பாட்டு, பிரதி உரிமை, ஒரு மாதம் முன்னால் காவல் துறை மனு, பதினைந்து நாள் முன்னால் விளம்பரம். இதைவிடச் சுருக்கினால் எங்கேயாவது இடிக்கும்.

2. அரங்கம்: வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்

நேரு கலையரங்கம், தொங்கும் பூங்கா பல்நோக்கு அரங்கம், கோட்டை பல்நோக்கு அரங்கம் இவைதான் ஊருக்குள் எல்லாருக்கும் தெரிந்த பொது இடங்கள். இது தவிர கல்லூரி அரங்கங்கள், தனியார் மண்டபங்கள், கோயில் மண்டபங்கள் இருக்கின்றன. பொது அரங்கம் என்றால் பராமரிப்புப் பணிக்காக மூடியிருக்கிறதா என்று முதலில் நேரில் போய்ப் பாருங்கள், போனில் கேட்டு நம்ப வேண்டாம். மாநகராட்சி இடத்துக்கு எழுத்து மனு, ஆதார் நகல், அமைப்பாக நடத்தினால் பதிவுச் சான்று நகல், வாடகையும் டெபாசிட்டும் கட்டிய ரசீது இவை அடிப்படை. ரசீதில் தேதியும் நேரமும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். அரசு நிகழ்ச்சி வந்தால் முன்பதிவை மாற்றலாம் என்று நிபந்தனை இருக்கிறதா, அப்படி மாற்றினால் பணம் முழுதும் திரும்பி வருமா, வேறு தேதி தருவார்களா, இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வாடகை என்று சொல்கிற தொகையில் என்னென்ன அடங்கும் என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். மின்சாரக் கட்டணம் மீட்டர் படி தனியா, ஏ.சி. தனியா, ஜெனரேட்டர் டீசல் யார் போடுவது, துப்புரவுக் கட்டணம், காவலாளிக்கு, முந்தின நாள் ஒத்திகைக்குத் திறந்துவிட எவ்வளவு, மைக் செட் வெளியில் இருந்து கொண்டுவரலாமா அல்லது அவர்களுடையதையே எடுக்க வேண்டுமா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர்களிடமே கையெழுத்து வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள தனியார் மண்டபத்தில் வாடகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்துகிற, பொதுமக்களுக்கான வழிபாட்டுத் தலத்தின் மண்டபம் என்றால், நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் கீழே இருக்கும்போது அந்த வரி கிடையாது. முதல் நிகழ்ச்சிக்கு நான் கோயில் மண்டபத்தைத்தான் சொல்வேன், குறிப்பாகக் கச்சேரிக்கும் பரதத்துக்கும்.

மேடையில் ஏறி நடந்து பாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. நாட்டியக்காரர் வெறுங்காலோடு இரண்டு மணி நேரம் தட்டி ஆட வேண்டிய தரை அது. சிமென்ட் மேலே நேராகக் கிரானைட் போட்டிருந்தால் முட்டி போய்விடும், மரப்பலகை என்றால் ஆணி நீட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். அழகுக்காகத் தரைவிரிப்புப் போட்டுத் தருகிறோம் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கால் வழுக்கி மடங்குவது அதில்தான். உடை மாற்ற ஆண், பெண் இருவருக்கும் தனி அறை, உள்ளே தாழ்ப்பாள், கண்ணாடி, தண்ணீர் வருகிற கழிவறை இவை இல்லாத அரங்கம் இலவசமாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

3. கலைஞர்களோடு எழுதிக்கொள்ளுங்கள்

உள்ளூரில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் தளவாய்ப்பட்டியில் இருக்கிற கலை பண்பாட்டுத் துறையின் சேலம் மண்டல அலுவலகத்துக்குப் போங்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய உறுப்பினர்கள், குரலிசை, நாகசுரம், தவில், பரதம் கற்பிக்கிற ஆசிரியர்கள் பற்றி அங்கே விசாரிக்கலாம். இடைத்தரகர் வழியாகப் போனால் நீங்கள் கொடுக்கிற பணத்தில் எவ்வளவு கலைஞர் கைக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். நேராகப் பேசுங்கள்.

ஒரு பக்கம் போதும், வக்கீல் வேண்டாம். நாள், அரங்கம், வர வேண்டிய நேரம், மேடையேறும் நேரம், எத்தனை நிமிடம், எத்தனை பேர் வருவார்கள், சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது, பயணம், தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு, நிகழ்ச்சி நின்றுபோனால் என்ன கணக்கு, வீடியோ எடுத்து இணையத்தில் போடலாமா. கடைசிக் கேள்வியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எடுத்துப் போட்ட பிறகு மனக்கசப்பு வருகிறது.

பரத நிகழ்ச்சிக்கு ஆடுகிறவர் ஒருவர் என்றாலும் நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்வது), பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் என்று இன்னும் நான்கைந்து பேர் வருவார்கள், ஒத்திகைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். செலவுப் பட்டியலில் பெரிய வரி இதுதான். சென்னையில் இருந்து வருகிறவர்களுக்கு ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கும், அன்றே போட்டுவிடுங்கள், ஏற்காடு விரைவு வண்டியில் வார இறுதிக்குக் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். இரவு நிகழ்ச்சி முடித்து அதே வண்டியில் திரும்புகிறார்கள் என்றால், அரங்கத்தில் இருந்து சூரமங்கலம் ஜங்ஷனுக்குப் போக ஆகும் நேரத்தையும், வேஷம் கலைக்க ஆகும் நேரத்தையும் கூட்டி நிகழ்ச்சியின் முடிவு நேரத்தை வையுங்கள். சிறப்பு விருந்தினர் பேச்சு நீண்டு, ஆட வந்தவர் கடைசி உருப்படியை வெட்டிவிட்டு ரயிலுக்கு ஓடுவதைப் பார்க்கப் பொறுக்காது.

4. காவல் துறை மனு

சேலம் மாநகர எல்லைக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையருக்கு முகவரியிட்டு, உள்ளூர்க் காவல் நிலையம் வழியாக. மேட்டூர், ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி, ஏற்காடு என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் எல்லை, மனு அந்தந்த ஊர் நிலையத்தில் தொடங்கும். எல்லையோரத்தில் அரங்கம் இருந்தால் அது எந்த நிலையத்தைச் சேர்ந்தது என்று அரங்கக்காரரிடமே கேளுங்கள், தப்பான நிலையத்தில் கொடுத்தால் ஒரு வாரம் அப்படியே போய்விடும்.

மனுவோடு வைக்க வேண்டியவை: அரங்க ரசீது நகல் அல்லது இடத்துக்காரர் சம்மதக் கடிதம், உங்கள் ஆதார் நகல், நிகழ்ச்சி நிரல், கலைஞர்கள் பெயர்ப் பட்டியல், எதிர்பார்க்கிற கூட்டம், வாகனம் நிறுத்துமிடம், மைக் செட் வைப்பவரின் பெயரும் அலைபேசி எண்ணும், பொறுப்பாளர் இருவரின் எண்கள். கோயில் இடம் என்றால் கோயில் நிர்வாகத்தின் கடிதம், அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலர் கையெழுத்து. எல்லாவற்றையும் மூன்று நகல் எடுங்கள். ஒரு நகலில் முத்திரையும் தேதியும் போட்டு ஒப்புகை வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் அடுத்த முறை போகும்போது முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

மனுவில் நிகழ்ச்சிக்கு என்ன பெயர் எழுதுகிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம். ‘கலை நிகழ்ச்சி’ என்று பொதுவாக எழுதினால் திருவிழாக்களில் நடக்கிற ஆடல் பாடல் நிகழ்ச்சியோடு சேர்த்துவிடுவார்கள், அதற்குரிய கெடுபிடி நிபந்தனைகள் அத்தனையும் உங்கள் தலையில் விழும். பரதநாட்டியம் என்றால் பரதநாட்டியம், தெருக்கூத்து என்றால் எந்தக் கதை, நாடகம் என்றால் பெயர், எத்தனை நிமிடம், எல்லாம் வெளிப்படையாக எழுதுங்கள்.

நாடகம் போடுகிறவர்களிடம் சில இடங்களில் பிரதியை முன்கூட்டியே காட்டச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிக் கேட்க வழிசெய்த 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. மரியாதையாக அதைச் சொல்லி, ஒரு பக்கக் கதைச் சுருக்கம் கொடுங்கள். அங்கே சண்டை போட்டால் நிகழ்ச்சிதான் தள்ளிப்போகும்.

5. ஒலிபெருக்கியும் இரவு 10 மணியும்

ஒலி மாசு விதிகள், 2000 சொல்வது: இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி என்றால் இந்தத் தடை இல்லை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம், ஆனால் அந்தத் தளர்வு உங்கள் நாளுக்கு இருக்கிறதா என்று எழுத்தில் தெரியாமல் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருக்கும். பொது இடத்தில் உங்கள் ஒலி அந்த இடத்தின் எல்லையில் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது, சுற்றுப்புற ஒலி வரம்பைவிட 10 டெசிபல் அதிகம் என்பது அதைவிடக் குறைவாக வந்தால் அந்தக் குறைவான அளவுதான் கணக்கு. கூம்பு ஒலிபெருக்கியை அனுமதிக்க மாட்டார்கள், பெட்டி ஒலிபெருக்கிதான். மைக் செட் காரரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் பழக்கத்தில் குழாயைக் கொண்டுவந்து கட்டிவிடுவார்.

கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் வைக்கிறவர் எல்லாரும் கச்சேரிக்கு வைக்க முடியாது. மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் மைக், வயலினுக்குத் தனி, பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க மேடைமேல் ஒரு சிறு ஒலிபெருக்கி, இவ்வளவையும் கேட்டவுடன் புரிந்துகொள்கிறவரைத் தேடுங்கள். கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள். பூவுக்கும் பொன்னாடைக்கும் ஆகிற செலவை இதில் போடலாம்.

திறந்தவெளி என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள். கம்பத்தில் கொக்கி போடுகிற வேலை வேண்டவே வேண்டாம், மேடையில் நிற்கிறவர் ஈரக்காலோடு இருப்பார்.

6. பாட்டுக்கும் பிரதிக்கும் உரிமை

பதிப்புரிமை ஒருவர் இறந்து 60 ஆண்டு வரை இருக்கும். தியாகராஜர் மறைந்தது 1847, ஆகவே அவருடைய கீர்த்தனையைப் பாட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், பாரதியார் பாட்டுக்கும் வேண்டாம். சமீப காலத்துப் பாட்டு, திரைப்பாட்டு, சமீபத்து நாடகாசிரியரின் பிரதி என்றால் வேண்டும். மேடையில் நேரடியாகப் பாடுவதற்கு, பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமையைப் பார்த்துக்கொள்கிற ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் உரிமம், பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டு ஆடினால் அந்த ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் தனி உரிமம். பல ஒலிப்பதிவு நிறுவனங்களுக்காக இதை பி.பி.எல். என்கிற அமைப்பு தருகிறது. இரண்டும் வேறு வேறு. ஒன்றை வாங்கிவிட்டு இன்னொன்று வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

தொழில்முறையில்லாத குழுவோ சங்கமோ, பார்வையாளரிடம் காசு வாங்காமல் நடத்துகிற நிகழ்ச்சிக்கும், சமய நிறுவனத்தின் நன்மைக்காக அவர்கள் நடத்துவதற்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. பாட்டு, பிரதி இவற்றை நேரடியாக மேடையேற்றுவதற்குத்தான் அந்த விலக்கு. காசு கொடுத்துக் கலைஞர்களை அழைத்தால் அந்த விலக்கை நம்பாதீர்கள்.

நாடகாசிரியரிடம் அனுமதி கேட்பதைச் சடங்காக நினைக்காதீர்கள். ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் பெரும்பாலானோர் மகிழ்ச்சியாகத் தருவார்கள், சிலர் பணம்கூட வேண்டாம் என்பார்கள், கேட்காமல் போட்டால் அவர்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று எழுதுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

7. டிக்கெட்டும் வரியும்

நாட்டியம், நாடகம், இசை நிகழ்ச்சிக்கு நபருக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அதற்கு மேலே போனால் 18 சதவீதம். முதல் முறை நடத்துகிறவர் 500-ஐத் தாண்டவே வேண்டாம். கிராமிய, மரபு வடிவங்களில் இசை, நாட்டியம், நாடகம் நிகழ்த்துகிற கலைஞரின் சம்பளம் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்கும் விலக்கு உண்டு. திரைப்பாட்டு மெல்லிசைக் குழுவுக்கு இந்த விலக்கு பொருந்தாது, அவர்கள் ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருந்தால் பில்லில் 18 சதவீதம் சேரும், பேசும்போதே வரியோடா வரி நீங்கலாகவா என்று கேளுங்கள். இது தவிர உள்ளாட்சிகளின் கேளிக்கை வரி என்று ஒன்று இருக்கிறது. டிக்கெட் அச்சடிப்பதற்கு முன்னால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில், சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி நான்கில் உங்கள் அரங்கம் எதில் வருகிறதோ அங்கே, உங்கள் நிகழ்ச்சிக்கு அது உண்டா இல்லையா என்று மனு கொடுத்துப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வரவுக் கணக்கை எப்போதும் குறைத்துப் போடுங்கள். 300 இருக்கை அரங்கம், 200 ரூபாய் டிக்கெட், 60,000 வரும் என்று மனக்கோட்டை கட்டாதீர்கள். முதல் நிகழ்ச்சிக்கு 180 பேர் வந்தாலே நல்ல கூட்டம், அதில் கலைஞர் குடும்பம், அரங்கக்காரர், நண்பர்கள் என்று 40 பேர் இலவசம், மிச்சம் 140 பேர், 28,000 ரூபாய். அரங்கம், மைக் செட், விளக்கு, கலைஞர் சம்பளம், பயணம், சாப்பாடு எல்லாம் இதில் அடங்காது. அதனால் நன்கொடையோ விளம்பரதாரரோ முதலில் உறுதியானால்தான் கலைஞருக்கு அட்வான்ஸ் கொடுங்கள். நன்கொடையாளர் பணம் நிகழ்ச்சிக்கு முன்னால் வங்கியில் ஏறியிருக்க வேண்டும், ‘முடிந்ததும் தருகிறேன்’ என்கிற வாக்கு எனக்கு இன்னும் பணமாக வரவில்லை.

தொடர்ந்து நடத்தும் எண்ணம் இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிந்துகொள்ளுங்கள். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் நன்கொடை கேட்பதும் அரங்கம் கேட்பதும் பாதி எளிதாகிவிடும்.

8. கூத்து நடத்துகிறவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம்

மேட்டூர், மேச்சேரி, தாரமங்கலம், எடப்பாடி பக்கத்தில் கூத்துக் குழுக்களும் பாவைக்கூத்துக் குழுக்களும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் சேலம் நகரத்துக்காரர்கள் பலர் ஒரு முழுக் கூத்துப் பார்த்ததில்லை என்பது எனக்கு ஆதங்கம், இந்தப் பகுதியை நீட்டி எழுதுவதற்கு அதுதான் காரணம்.

கூத்து விடிய விடிய ஆடுகிற கலை, விதியோ 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கிறது. நகரத்தில் நடத்துவதற்கு மூடிய அரங்கம் ஒரு வழி. மாலை ஆறரைக்குத் தொடங்கி பத்துக்குள் முடிகிறபடி ஒரு பகுதியை மட்டும் ஆடுவது இன்னொரு வழி. எந்தக் கதையை, எந்த இடத்தில் இருந்து எடுப்பது என்பதைக் குழுவை நடத்துகிற வாத்தியாரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் கத்தரிக்கோல் எடுத்தால் வேஷக்காரர் நுழைவும் தர்க்கமும் அறுந்துபோய் வெறும் கதைச் சுருக்கம்தான் மேடையில் நிற்கும். கட்டியக்காரன் பகுதியைக் குறைக்கச் சொல்லவே சொல்லாதீர்கள், புதிதாகப் பார்க்கிறவர்களைக் கதைக்குள் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர்தான்.

முன்பணத்தை வெற்றிலை பாக்கோடு வாத்தியார் கையில் கொடுங்கள். முகத்துக்கு அரிதாரம் பூசி, கட்டை (மரத்தால் செய்த அணிகள்) கட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும், ஆகவே மதியமே வந்து சேரும்படி வேன் அனுப்புங்கள், பூசுகிற அறையில் நல்ல வெளிச்சமும் மின்விசிறியும் வேண்டும். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளக்காரர் உட்காரப் பின்னால் பெஞ்சு, ஆடுகிறவர்களுக்கு மேலே தொங்குகிற மைக் வேண்டும், ஏனென்றால் சட்டையில் மாட்டுகிற மைக் வேஷத்துக்குள் உரசி இரைச்சல் போடும். நடுவில் டீயும் முடிந்ததும் சூடான சாப்பாடும். மீதிப் பணத்தை அவர்கள் வேன் ஏறுவதற்கு முன்னால் எண்ணிக் கொடுத்துவிடுங்கள், ‘நாளைக்கு ஜிபே பண்ணுகிறேன்’ வேண்டாம், மறுநாள் அவர்களில் பலர் கூலி வேலைக்குப் போகிறவர்கள்.

9. ஏற்காட்டில் நடத்துவதானால்

மே மாதக் கோடை விழாவில் ஆட ஆசைப்படுகிறவர்கள் மாவட்ட நிர்வாகம், சுற்றுலாத் துறை, கலை பண்பாட்டுத் துறை வழியாகத்தான் போக வேண்டும், குழுவின் விவரம், பழைய நிகழ்ச்சிப் படங்கள், கலைஞர் நல வாரிய அட்டை நகலோடு மார்ச் மாதத்திலேயே மனு கொடுத்துவிடுங்கள். சொந்தமாக நடத்துகிறவர்கள் கோடை விழா நாட்களைத் தவிர்ப்பது நல்லது, அறை கிடைக்காது, மலைப்பாதை நிரம்பி வழியும், போக்குவரத்தையும் மாற்றிவிடுவது உண்டு.

ஏற்காடு 1,515 மீட்டர் உயரம், சேலத்தில் இருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஜெனரேட்டர் லாரியும் மைக் செட் வண்டியும் பகலிலேயே மேலே போய்விட வேண்டும். மைக் செட் காரர் மலை ஏற தனி வாடகை கேட்பார், நியாயம்தான். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது, எந்த வழி திறந்திருக்கிறது என்று அன்று காலை விசாரித்துக்கொள்ளுங்கள். இரவில் கலைஞர்களை மலை இறக்காதீர்கள், அறை போட்டுத் தங்க வையுங்கள், இந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

மேலே ஈரக்காற்றில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், வயலின் சுருதியும் மாறும். வாத்தியங்கள் மலைக் காற்றுக்குப் பழக ஒரு மணி நேரமாவது வேண்டும், அதனால் கலைஞர்கள் வந்து இறங்கியதும் மேடையேற்றாதீர்கள். கோடை மாலையில் இடி, மழை வந்தால் கரண்ட் போகும், திறந்தவெளியை நம்பாமல் ஒரு கூரையுள்ள இடத்தைக் கையில் வைத்திருங்கள். ஒலியை நன்றாகக் குறைத்து வையுங்கள், மலையில் இரவு நேரத்துச் சத்தம் வெகுதூரம் போகும், சுற்றிலும் காடு. பிளாஸ்டிக் தம்ளர், தட்டு கொண்டுபோகாதீர்கள், 2019 முதலே மாநிலம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சோதனை நடக்கும்.

10. விளம்பரம்

அனுமதி இல்லாமல் பிளெக்ஸ் பேனர் கட்டாதீர்கள், அபராதம் ஒரு பக்கம், வழக்கு ஒரு பக்கம். அந்தக் காசுக்கு நல்ல சுவரொட்டியும் கையடக்க அழைப்பிதழும் அடித்து நாட்டியப் பள்ளிகள், கல்லூரித் தமிழ்த் துறைகள், நூலகங்கள், அடுக்ககக் குடியிருப்பு வாட்ஸப் குழுக்கள் என்று நேரில் கொடுத்தால் கூட்டம் வரும். அழைப்பிதழில் முடிகிற நேரத்தை எழுதுங்கள், எந்தப் பேருந்து நிலையத்தில் இருந்து எப்படி வருவது என்று எழுதுங்கள், இந்த இரண்டும் இல்லாமல்தான் பாதிப் பேர் வராமல் போகிறார்கள். உள்ளூர் நாளிதழ்களின் ‘இன்றைய நிகழ்ச்சி’ பகுதிக்கு மூன்று நாள் முன்பே செய்தி கொடுங்கள்.

11. அன்றைக்கும் மறுநாளும்

முந்தின நாள் மாலை மைக், விளக்கு, திரை மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். அன்று கையில் ஒரு கோப்பு: காவல் துறை அனுமதி அசல், அரங்க ரசீது, உரிமக் கடிதங்கள், கலைஞர் ஒப்பந்தம், எல்லாருடைய எண்கள். வாசலில் நிற்கிறவரிடம் அனுமதியின் நகல் ஒன்று இருக்கட்டும், ரோந்து வருகிற காவலர் முதலில் அவரைத்தான் கேட்பார். பேச்சாளருக்கு ஐந்து நிமிடம், பொன்னாடை எல்லாம் நிகழ்ச்சி முடிந்த பிறகு. சொன்ன நேரத்துக்கு, முப்பது பேர் வந்திருந்தாலும் தொடங்கிவிடுங்கள்.

முடிந்ததும் அரங்கத்தைக் கூட்டி, விளக்கணைத்து, பொறுப்பாளரோடு சேர்ந்து ஒரு சுற்று வந்து சேதம் இல்லை என்று எழுதி வாங்குங்கள், மீட்டர் அளவைப் போட்டோ எடுங்கள். டெபாசிட் திரும்பக் கேட்கும் மனுவை மறுநாளே கொடுத்துவிடுங்கள். ரசீது அசலும் வங்கிக் கணக்குப் புத்தக முதல் பக்க நகலும் கேட்பார்கள், அசலைக் கொடுக்கும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மனுவுக்கும் ஒப்புகை வாங்குங்கள்.